அமலாபுரத்தில் அழுத கட்அவுட்

அமலாபுரம் ஸ்ரீவேணி டாக்கீஸ் வாசலில் நின்ற ஜெயச்சந்திராவின் கட்அவுட், படம் வெளியான மறுநாள் மேட்னி நேரத்தில் அழத் தொடங்கியது. பெயிண்ட் இளகுகிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். ரசிகர் மன்றத் தலைவர் கொண்டலராவு சாரத்தில் ஏறி, விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, உப்புக் கரிக்கிறது என்று கீழே சொன்னார். கீழே நின்றவர்கள் சொம்பு எடுத்துவர வீட்டுக்குப் போனார்கள்.

அதுவரை ஜெயச்சந்திரா ஒவ்வொரு படத்திலும் ஒரு ஊரின் எலும்பையாவது முறித்துக்கொண்டிருந்தவர். திடீரென்று குடும்பப் படம் செய்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்து எடுத்ததுதான் 'பெத்த வாகிலி'. பாகப் பிரிவினையில் தம்பிகளுக்கு எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டு, வீட்டின் பெரிய வாசலை மட்டும் கேட்கிற அண்ணன் வேடம். அதில் அவர் யாரையும் அறையக்கூட இல்லை. முதல் காட்சியில் சண்டை வந்ததும் வீசக் காகிதத் துண்டுகளைக் கையில் இறுக்கி வைத்திருந்த ரசிகர்கள், அதே கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். பல வருடங்களாகப் பேசாமலிருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் பஸ் ஸ்டாண்டில் சேர்ந்து டீ குடித்தார்கள். படம் பிரமாதம் என்று ஊரே சொன்னது. மறுபடி பார்க்க யாரும் வரவில்லை.

சண்டைப் படம் என்றால் ஆறு தடவை வருகிற மெக்கானிக் பொட்டிராஜுவைக் கொண்டலராவு கடையிலேயே போய்ப் பிடித்தார்.

"ஒரு தடவ பாத்ததே நெஞ்சுல நிக்குது அன்னய்யா. நெஞ்சுல நிக்கறதுக்கு எதுக்கு இன்னொரு டிக்கெட்டு?" என்றான் பொட்டிராஜு.

அவருடைய பக்கத்து வீட்டு ரத்தம்மா வேறு காரணம் சொன்னாள். "இதெல்லாம் தனியா போய்ப் பாக்கற படமா? சங்கராந்திக்கு நாத்தனாருங்க வரட்டும், குடும்பத்தோட வரோம்."

சங்கராந்திக்கு இன்னும் நாள் இருந்தது.

அதற்குள் அழுகிற செய்தி கோதாவரியின் இரு கரைகளுக்கும் பரவிவிட்டது. ராவுலபாலத்திலிருந்தும் ராஜோலிலிருந்தும் பஸ் பிடித்து வந்தார்கள். தேங்காய் உடைத்தார்கள், கண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பிள்ளைகளின் கண்ணில் தடவினார்கள், அண்ணாந்து பார்த்துக் கூடவே அழுதார்கள். உள்ளே காலி நாற்காலிகளுக்கு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. "உள்ள போங்கம்மா, படம் உள்ளதான் ஓடுது" என்று கொண்டலராவு கேட்டில் நின்று கெஞ்சினார்.

"வெளியவே இவ்வளவு அழறாரு பாவம். இதுக்கு மேல உள்ள போய் எப்படிப் பாக்கறது?" என்றாள் ஒருத்தி, முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி.

இரண்டாவது வாரம் ஜெயச்சந்திராவே வந்தார். ஜனங்கள் அவருடைய காரை ஆளோடு தூக்கி, தலைக்கு மேலேயே கைமாற்றித் தியேட்டர் வாசலில் இறக்கினார்கள். படம் பார்த்தீர்களா என்று அவர் கேட்டதற்குத் தெருவே ஆமாம் என்றது. அவர் தன் கட்அவுட்டைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, கொண்டலராவுவின் தோளில் கை போட்டு உள்ளே அழைத்துப்போனார். அரங்கில் அவர்கள் இருவர்தான்.

"வெளிய நிக்கறவங்கல்லாம் யாரு?"

"உங்க ஆளுங்கதான் அன்னய்யா. கேட்டா உசிரையே குடுப்பாங்க."

"உசிரு வேணாம் தம்முடு. ரெண்டரை மணி நேரம் குடுத்திருக்கலாம்."

மாலை, பால்குடம், போலீஸ் அனுமதி என்று வாசலிலேயே நின்றதில் கொண்டலராவும் அன்றுதான் படத்துக்குள் வந்திருந்தார். அண்ணன் வாசலைக் கழுவிக் கோலம் போடும் காட்சியில் அவருக்கு விக்கல் எடுத்து அழுகை வந்தது. ஜெயச்சந்திரா திரையை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதல் தடவையா பாக்கற?"

கொண்டலராவு தலையாட்டினார். ஜெயச்சந்திரா தன் கைக்குட்டையை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை தியேட்டரிலிருந்து படத்தைத் தூக்கிவிட்டார்கள். சங்கராந்திக்கு ரத்தம்மா நாத்தனார்களுடன் புதுச்சேலை கட்டி வந்து, வேறு படத்தின் போஸ்டரைப் பார்த்துத் திரும்பிப் போனாள். அடுத்த வருடம் ஜெயச்சந்திரா மூன்று ஊர்களின் எலும்பை முறித்தார். அது நூறு நாள் ஓடியது. குடும்பக் கதையோடு வந்த டைரக்டர்களுக்குச் சாப்பாடு போட்டுத் திருப்பி அனுப்பினார். பிறகு டிவி வந்தது. 'பெத்த வாகிலி' போடுகிற பண்டிகை மதியங்களில் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. இந்த மாதிரிப் படம் இப்போது யார் எடுக்கிறார்கள் என்று எல்லாரும் குறைப்பட்டுக்கொண்டார்கள். ஜெயச்சந்திரா இறந்தபோது வந்த கூட்டத்தில் பெரும்பாலோர் அந்தப் படத்தைப் பற்றித்தான் பேசினார்கள்.

ஸ்ரீவேணி டாக்கீஸ் கல்யாண மண்டபமாகிவிட்டது. அழுகிற ஒன்றைப் பிடுங்க யாருக்கும் மனம் வராததால் கட்அவுட் நிற்கிறது. முனிசிபாலிட்டி அதன் காலடியிலிருந்து சிறு கால்வாய் வெட்டியிருக்கிறது. முகூர்த்த நாட்களில் கொண்டலராவு குடையோடு வாசலில் நின்று மணமக்களை நனையாமல் உள்ளே கூட்டிப்போகிறார். போன மாசியில் ஹைதராபாத் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர், வெயிலில் எங்கிருந்து சொட்டுகிறது என்று கேட்டார்.

"எங்க ஜெயச்சந்திரா அன்னய்யா அழறாரு. பாத்து வாங்க பாவா, வழுக்கும்" என்றார் கொண்டலராவு.