யார் தூக்கிவிட்டது

"அப்பா, கீழ விழுந்தவங்கள யாரு தூக்கிவிட்டாங்கன்னு நீ எழுதமாட்டியா?"

என் மகள் நெட்டி ஆறு வயதில் இதைக் கேட்டாள். சமையலறை மேசையில் ஆட்ட வீடியோவை ஓடவிட்டு நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். "எவ்ளோ தூரம் எறிஞ்சான்னு எழுதற. எத்தன செகண்டுன்னு எழுதற. இத மட்டும் ஏன் எழுதல?" என்றாள். நான் சிரித்து, தட்டில் இருப்பதைச் சாப்பிடச் சொன்னேன். ஆனால் அடுத்த வாரமே நோட்டில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டேன். யார் தூக்கிவிட்டது. இருபது வருடமாக அந்தக் கட்டத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன். யாரும் அதைப் படித்ததில்லை.

என் பெயர் வெண்டல் காஸ். கல்லூரிகளில் அமெரிக்க ஃபுட்பால், அதாவது பந்தைக் கையால் எறிந்து மோதிச் சாய்த்து ஆடும் ஆட்டம், ஆடும் பையன்களைப் பார்த்து, இவன் தொழில்முறை ஆட்டத்துக்குத் தேறுவானா மாட்டானா என்று எங்கள் அணிக்கு எழுதிக்கொடுப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயச் சபையில் டீக்கன், போதகருக்குத் துணையாக ஊழியம் செய்பவன். இந்த வேலையில் இருக்கிற மற்றவர்களும் என்னை டீக்கன் என்றே கூப்பிடுவார்கள், பாதி மரியாதை, பாதி கிண்டல்.

அந்த நவம்பரில் அலபாமாவில் ஆற்றோரக் கல்லூரி ஒன்றுக்கு என்னை அனுப்பினார்கள். குவாட்டர்பேக் ரீஸ் டாலிவரைப் பார்க்க. பந்தை எறிந்து மொத்த ஆட்டத்தையும் நடத்துகிறவன் அவன். எங்கள் மேலாளர் டக்கர் போனில் சுருக்கமாகச் சொன்னார்: "அவன் கை எப்படின்னு எனக்குத் தெரியும், டீக்கன். ஏப்ரல்ல அணிங்க ஆள் எடுக்கறப்ப மொத பத்துப் பேருக்குள்ள போயிருவான். ஓட்டை ஏதாச்சும் இருந்தா மட்டும் சொல்லு."

சனிக்கிழமை மழை. மைதானத்தின் நடுப்பகுதி சேறாகிவிட்டது. எதிரணியில் தொண்ணூற்றொன்றாம் எண் போட்ட ஒருவன் இருந்தான், ஆறரை அடி. முதல் பாதியில் அவன் ரீஸை ஐந்து முறை சாய்த்தான். ஒவ்வொரு முறையும் ஈர மூட்டையை லாரியிலிருந்து சிமெண்டில் போட்ட சத்தம். விழுந்தவன் மேல் மற்றவர்கள் விழுந்தார்கள். அந்தக் குவியலுக்குள் நடப்பது நடுவருக்குத் தெரியாது. விரலைப் பின்னால் மடக்கி முறிப்பார்கள். தலைக்கவசத்தின் முகக்கம்பிக்குள் கைவிட்டுக் கண்ணைத் தோண்டுவார்கள். நானும் ஒரு காலத்தில் செய்திருக்கிறேன். குவியல் பிரிந்தபோது ஒரு பையன் தன் சுண்டுவிரல் பக்கவாட்டில் நிற்பதைப் பார்த்துக் கத்தினான். ஓரத்துக்கு ஓடினான், இழுத்துவைத்து டேப் சுற்றினார்கள், திரும்பி ஓடினான். கூட்டம் கைதட்டியது.

மூன்றாம் கால்பகுதியில்தான் அது நடந்தது. ரீஸ் பந்தை எறிந்து முடித்துவிட்டான். கை இன்னும் காற்றில்தான் இருந்தது. தொண்ணூற்றொன்று அவன் தாடைக்கடியில் தலைக்கவசத்தால் மோதினான். ரீஸின் பின்மண்டை தரையில் அடித்து ஒருமுறை எழும்பியது. மல்லாந்து கிடந்தான். இரண்டு முழங்கைகளும் மடங்கி, விரல்கள் விறைத்து, கைகள் அந்தரத்தில் நின்றன. இரண்டு நொடி இருக்கும். அடிபட்டது மூளை என்றால்தான் கை அப்படி நிற்கும்.

நான் பார்த்ததை டாக்டர்கள் பார்ப்பதற்குள் ஒரு பெரிய முதுகு அவனை மறைத்துவிட்டது. மோஸ் பிக்கன்ஸ். கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் கொடுத்துவிட்டு குவாட்டர்பேக்குக்கு முன்னால் சுவராக நிற்பவன், நூற்று நாற்பது கிலோ. வழுக்கி விழுவது போல ரீஸின் மேல் கவிழ்ந்தான், அவனை அணைத்தபடியே எழுந்தான், தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினான். ஆட்டம் தொடங்கும் முன் பின்னால் திரும்பி என்னவோ சொன்னான். அடுத்த எறி நாற்பத்தைந்து கெஜம், ஓடுகிறவன் உள்ளங்கையில் போய் உட்கார்ந்தது. மைதானமே எழுந்து நின்று அலறியது.

என் பக்கத்தில் இருந்தவன் கூபிக், வேறொரு அணிக்கு ஆள் பார்ப்பவன். விசிலடித்தான்.

"பாத்தியா டீக்கன்? செத்துப் பொழச்சு எறியறான். இவன் இரும்புடா."

"அவன் கைய பாத்தியா?"

"பாக்காம? அதுக்குத்தான எங்க ஆளு ஏப்ரல்ல கோடிகோடியா குடுக்கப்போறாரு."

"அந்தக் கைய சொல்லல."

அவன் என் நோட்டை எட்டிப் பார்த்தான். "என்னய்யா இது, மோஸ், மோஸ், மோஸ்னு? நாளைக்கு சபைல பிரசங்கமா? மோசே செங்கடலப் பொளந்தாரா?"

"யாரு தூக்கிவிட்டாங்கன்னு எழுதறேன்."

"அதுக்கெல்லாம் உங்க மொதலாளி சம்பளம் குடுக்கறாரா? அவருகிட்ட எனக்கும் ஒரு வேல கேளு."

பதினான்கு முறை ரீஸ் விழுந்தான். பதினான்கு கட்டத்திலும் மோஸ்.

மறுநாள் அந்த ஊரிலேயே ஆராதனைக்குப் போய்விட்டு, மோட்டலில் உட்கார்ந்து பருவம் முழுவதையும் பார்த்தேன். செப்டம்பரில் ரீஸை யார் வேண்டுமானாலும் தூக்கினார்கள். எதிரணிக்காரன்கூட ஒருமுறை கைகொடுத்தான். அக்டோபர் இரண்டாம் வாரம் ஓர் இடி. எழுந்த ரீஸ் தன் அணி என்று நினைத்து, எதிரணி வட்டமாக நின்ற இடத்துக்கு நடந்து போனான். மோஸ் ஓடிப்போய் அவன் இடுப்புப் பட்டையைப் பிடித்து இழுத்துவந்தான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மோஸ் சிரிக்கவில்லை. அதன் பிறகு எல்லா ஆட்டத்திலும் தூக்கியவன் மோஸ் மட்டும்தான். ஒவ்வொரு முறையும் பின்னால் திரும்பி, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொன்னவனும் அவன்தான். ஏழு வாரமாக ஒரு தலைக்கு இன்னொரு தலை வேலை செய்துகொண்டிருந்தது.

வீடியோவை நிறுத்தினேன். என் கழுத்து வலித்தது. அது எப்போதும் வலிக்கிற கழுத்து.

முப்பத்தொரு வருடங்களுக்கு முன் நானும் ஜார்ஜியாவில் ஒரு கல்லூரியில் ஆடினேன். மோதுவது என் வேலை, நன்றாக மோதுவேன். எங்கள் கணுக்காலுக்கு டேப் சுற்றிவிட ஆர்லிஸ் என்றொரு மெலிந்த மனிதர் இருந்தார். ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் என் இடது கை மரத்துப்போவது அவருக்கு மட்டும் தெரியும். நான் சொல்லவில்லை, இடது கையால் தண்ணீர்க் குவளை வாங்குவதை நிறுத்தியதை அவரே கவனித்திருக்கிறார். தொழில்முறை அணிகளிலிருந்து என்னைப் பார்க்க வந்தவர்களிடம் அதைச் சொல்லிவிட்டார். வந்தவர்கள் போய்விட்டார்கள்.

நான் டேப் அறைக்குப் போனேன். அவர் கத்தரிக்கோலோடு குனிந்திருந்தார். நிமிரக்கூட விடவில்லை. அவருடைய முன்பற்கள் இரண்டு மேசைமேல் விழுந்தன. கதவை அறைந்துவிட்டு வெளியே போனேன். மறுநாள் கோச், "பாவம் ஆர்லிஸ், ஐஸ் மெஷின் பக்கத்துப் படியில வழுக்கிட்டாராம்" என்றார். என்னைக் கல்லூரியிலிருந்து துரத்தவில்லை, போலீஸ் வரவில்லை, பட்டம் வாங்கினேன். அவர் முகத்தை நான் மறுபடி பார்க்கவே இல்லை. எட்டு வருடம் கழித்து மேக்கனில் ஒரு டாக்டர் என் கழுத்துப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "உங்கள ஆட விடாம தடுத்தது யாரு? இன்னும் ஒரே ஒரு மோதல், கழுத்துக்குக் கீழ எதுவும் அசைஞ்சிருக்காது" என்றார். ஆர்லிஸைத் தேடிப் போனேன். அவர் இறந்து இரண்டு வருடமாகியிருந்தது.

திங்கட்கிழமை வாகன நிறுத்தத்தில் மோஸைப் பார்த்தேன். என் கையிலிருந்த நோட்டைப் பார்த்ததும், நான் வாயைத் திறக்கும் முன்பே அவனுக்கு விளங்கிவிட்டது. அவன் முன்கை என் தொண்டையில் இருந்தது, என் முதுகு காரின் கதவில்.

"என்ன எழுதப்போற? சொல்லு. என்ன எழுதப்போற?"

"கைய எடு, தம்பி. மூச்சு விட்டாத்தான் பேச முடியும்."

"நீ எழுதினேன்னா அவன் செத்தான்."

"எழுதலேன்னா?"

கை இறங்கியது. கார்க் கண்ணாடியில் ஒரு குத்து விட்டான். கண்ணாடி உடையவில்லை, முட்டிதான் கிழிந்தது. "பஸ்ல வாந்தி எடுக்கறான். என்னை டேரில்னு கூப்பிடறான். டேரில் அவங்க அண்ணன் சார், செத்து மூணு வருஷமாச்சு. வெளிய சொல்லமாட்டேன்னு அவனுக்கு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். அவனத் தூக்கிவிடறது தப்பா? தூக்காத, கெடக்கட்டும்னு சொல்றியா?"

"தூக்கு. தூக்கினப்புறம் டாக்டர் பக்கமா திருப்பு. ஆட்டத்துப் பக்கம் திருப்பாத."

அவன் அந்த இடத்திலேயே குந்தி உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். கைக்குட்டையைக் கொடுத்து முட்டியில் கட்டிக்கொள்ளச் சொன்னேன்.

செவ்வாய் மதியம், வீடியோ பார்க்கிற சின்ன அறையில் ரீஸை உட்காரவைத்தேன். இருபத்திரண்டு வயது. அழகான, மரியாதை தெரிந்த பையன். அந்தப் பதினான்கையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டேன். அவன் சிரித்தபடி பார்த்தான், பிறகு சிரிப்பில்லாமல் பார்த்தான்.

"மோஸ் சொன்னானா?"

"அவனப் பாக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். அவன் முதுகு சொல்லிச்சு."

"சனிக்கெழம கடைசி ஆட்டம் சார். ஒண்ணே ஒண்ணு. அப்புறம் ஏப்ரல். ஒரு கையெழுத்து. எங்கம்மா பேப்பர் மில்லுல நைட் ஷிஃப்ட். அவங்கள நிறுத்திட்டேன்னா போதும், அதுக்கப்புறம் எனக்கு என்ன ஆனாலும் பரவால்ல."

"உங்கம்மாவுக்குப் பரவால்லையான்னு கேட்டியா?"

அவன் தாடை இறுகியது.

"என் அறிக்கையில உன் கை பத்து வருஷத்துல நான் பாத்ததுலயே நல்ல கைன்னு எழுதியிருக்கேன். இந்த வருஷம் எடுக்கவேணாம், மொதல்ல தலைய டாக்டர் பாக்கட்டும்னும் எழுதியிருக்கேன். இன்னும் அனுப்பல. உங்கிட்ட மொதல்ல சொல்லணும்னு வந்தேன். எதிர்த்த ரூம்ல டாக்டர் இருக்காரு. நீ போய்ச் சொல்லு. நீ போகலேன்னா நான் போவேன்."

அவன் எழுந்ததை நான் பார்க்கவில்லை. வெளிச்சம் மட்டும் தெரிந்தது. நாற்காலியோடு பின்னால் போனேன், தலை சுவரில் இடித்தது, தரையில் கிடந்தேன். வாய் நிறைய இரும்பின் சுவை. என்னவோ சின்னதாகத் தரையில் உருண்டது. அவன் என் சட்டையைப் பிடித்துத் தூக்கி இன்னொன்று விட்டான். மூன்றாவதற்குக் கை ஓங்கினான். நான் கையைத் தூக்கவில்லை. அந்தக் கை அப்படியே நின்றது.

"ஐயோ," என்றான். "சார். ஐயோ, சார்."

அக்குளில் கைகொடுத்து என்னைத் தூக்கி உட்காரவைத்தவன் அவன்தான்.

"கையக் காட்டு," என்றேன். வார்த்தை ஈரமாக வந்தது. "எறியற கையாலயா அடிச்ச, முட்டாப்பயலே? விரல மடக்கு. நீட்டு. ஒடையல. பல்லு பட்ட காயம் சீழ் வைக்கும், சோப்பு போட்டுக் கழுவு."

அவன் தன் கையை வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தான். மெதுவாகக் கேட்டான்:

"சார், இன்னைக்கு என்ன கெழம?"

"செவ்வா."

"வியாழன்னு நெனச்சேன்."

அவனாகவே எழுந்தான். கதவைத் திறந்து, நடைபாதையைக் கடந்து, எதிர் அறைக் கதவைத் தட்டினான். டாக்டரின் குரல் கேட்டது, பிறகு கதவு மூடியது. அந்தச் சனிக்கிழமை அவன் ஆடவில்லை. ஏப்ரலில் யாரும் அவனை எடுக்கவில்லை. அவன் தாயார் இன்னொரு குளிர்காலமும் மில்லுக்குப் போனார். அதையெல்லாம் யோசித்தபடி நான் பல நாள் முழங்காலில் நின்றிருக்கிறேன்.

ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை, கதவு மூடியதும் நான் தனியாக இருந்தேன். ஆள் பார்க்க வந்தவனை அடித்தான் என்று ஒருவருக்குத் தெரிந்தாலும் போதும், படிப்பும் போகும், போலீஸும் வரும். நாற்காலியை நிமிர்த்தி வைத்தேன். தரையில் ஐந்தாறு சொட்டு ரத்தம், சுவரில் ஒன்று. கைக்குட்டை மோஸிடம் போய்விட்டது. கழுத்திலிருந்த டையை அவிழ்த்து, தண்ணீர் பாட்டிலில் நனைத்து, முழங்காலிட்டுத் துடைத்தேன். பல் மேசைக் காலுக்கடியில் கிடந்தது, எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இன்னொன்று நாக்கு பட்டதும் ஆடியது. நோட்டில் அந்த நாளுக்கான கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

நான் தெரிந்து பொய் சொல்லி வெகுகாலமாகிறது. யாராவது வாயைப் பார்த்துக் கேட்டால் என்ன சொல்வது என்பதை, தரையைத் துடைத்தபடியே ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். "ஐஸ் மெஷின் பக்கத்துப் படியில வழுக்கிட்டேன்."

அன்று ஜார்ஜியாவில் அந்த டேப் அறை மேசையை யார் துடைத்திருப்பார் என்று இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை. சுவரில் இருந்த சொட்டையும் துடைத்துவிட்டு, விளக்கை அணைத்தேன்.