பூனை குட்டிகளைத் தூக்கிய காலை

விலங்குகளுக்கு நிலநடுக்கம் முன்கூட்டியே தெரியுமா என்று நேற்று மாலை வகுப்பில் கேட்டேன். "தெரியலாம். ஆனா முதல்ல வேற காரணம் இருக்கான்னு பாக்கணும்" என்றார் ஆசிரியர். வீட்டுக்கு வரும்போது 'தெரியலாம்' மட்டும்தான் என்னுடன் வந்தது.

இன்று காலை, நான் வேலை செய்யும் சலவைக் கடையின் பின்னறையைக் கழுவி முடித்தேன். கொஞ்ச நேரத்தில் கடைப் பூனை ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு வாசலைத் தாண்டி ஓடியது. திரும்பி வந்து அடுத்ததைத் தூக்கியது. குட்டி போட்டதிலிருந்து பின்னறைத் துணிக்கூடையை விட்டு அசையாத பூனை. முன்னறைக்கு ஓடினேன்.

அங்கே அண்ணி துணி தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவர். இன்னொரு துணி கருகினால் வீட்டுக்குப் போகலாம் என்று முதலாளி அவரை எச்சரித்திருந்தார்.

"அண்ணி, வெளிய வாங்க! பூமி ஆடப்போகுது!"

"உனக்குத் தலைதான் ஆடுது. தள்ளு."

கையைப் பிடித்து இழுத்தேன். நான் போட்ட கூச்சலில் எல்லோரும் தெருவுக்கு ஓடிவந்தார்கள். நின்றோம். ஒரு இலைகூட அசையவில்லை. கருகல் வாடைதான் வந்தது.

ஒரு கல்யாணக் கோட்டின் முதுகில் இஸ்திரிப்பெட்டியின் அச்சு. முதலாளி அதைத் தூக்கிப் பிடித்தார். "யாரு வேலை இது?"

"நான்தான் மறந்துட்டேன்" என்றார் அண்ணி.

"இல்ல, பூனை..." என்று ஆரம்பித்தேன்.

"பூனையா? பின்னறையில கண்ணைத் திறக்க முடியல. இவ்வளவு ஃபினாயிலை யாருடா ஊத்துனது?"

நான்தான். சுத்தமாக இருக்கட்டும் என்று, கூடைக்கு அடியிலும்.

"அப்ப பூகம்பம் ஃபினாயில் பாட்டில்லதான் வந்திருக்கு" என்றார் துவைக்கும் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் சொன்னேன்: "அண்ணி மேல தப்பில்ல. நான்தான் கையைப் பிடிச்சு இழுத்தேன்."

முதலாளி அண்ணியைப் பார்த்து, "நீ போய் வேலையைப் பாரும்மா" என்றார். பிறகு என்னிடம், "நாளைக்கு இந்தக் கோட்டை வாங்கிட்டுப் போக மாப்பிள்ளை வருவார். அவர்கிட்ட நீயே நின்னு சொல்லு" என்றார்.

மதியம் ஃபினாயில் வாடை போனதும் பூனை குட்டிகளைத் திரும்பக் கொண்டுவந்தது. ஒவ்வொரு குட்டி வரும்போதும், "ஜோசியரே, இப்ப என்ன ஆகப்போகுது?" என்று யாராவது கேட்டார்கள். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

இன்று வகுப்புக்குப் போகவில்லை. மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டியதை எழுதிப் பார்க்கிறேன். எப்படித் தொடங்கினாலும் முதல் வரியிலேயே பூனை வந்துவிடுகிறது. அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.