அளவுத் தண்ணீர்

"டம்ளரைக் கீழ வைங்கப்பா."

சமையலறை வாசலை மறித்தபடி நின்றாள் மகள். அப்பா டம்ளரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். ஆறடி உயர மனிதர், கையும் களவுமாக அகப்பட்டு விழித்தார்.

"நாக்கை நனைக்கத்தான் கண்ணு."

"நாக்கை நனைக்க முழு டம்ளரா? டாக்டர் என்ன சொன்னாரு?"

டாக்டர் சொன்னது அந்த வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அம்மாவின் இதயம் தளர்ந்துவிட்டது. குடிக்கிற தண்ணீர் வெளியே போகாமல் காலிலும் நுரையீரலிலும் தேங்குகிறது. நாளுக்கு ஒரு சின்ன பாட்டில், அதற்கு மேல் ஒரு வாய்கூடக் கூடாது. பார்சல் ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு மகள் வந்து இறங்கிய நாளிலிருந்து அந்தப் பாட்டிலுக்கு அவள்தான் காவல். டம்ளரைப் பிடுங்கி சிங்க்கில் கவிழ்த்தாள். தண்ணீர் இறங்கும் சத்தம் உள்ளறை வரை போயிருக்க வேண்டும்.

"கொட்டிட்டாளா?" என்று அங்கிருந்து அம்மாவின் குரல் வந்தது. "கொட்டியிருப்பா. பார்சலுக்கு எடை போடுற கை. ஒரு கிராம் ஏறினாலும் விடாது."

அம்மாவின் கட்டில் ஜன்னலோரம் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே அவளுடைய நர்சரி. மற்றவர்கள் ரோஜா, குரோட்டன்ஸ் என்று எல்லாவற்றையும் விற்றபோது அம்மா காகிதப்பூவை மட்டுமே பிடித்துக்கொண்டாள். மஞ்சள், வெள்ளை, ஆரஞ்சு, ராணிக் கலர். அப்பா செடி வண்டி ஓட்டினார். வியாபாரமும் வாயும் அம்மாவுடையது. செடி வாங்கிப் போனவர்கள் பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத மாதிரி வருடக்கணக்கில் போன் செய்வார்கள். அன்று காலையும் ஒரு போன் வந்தது, மகள் எடுத்தாள்.

"குடு இங்க."

"நீ பேசக்கூடாதும்மா. மூச்சு வாங்கும்."

"பேசலன்னா மட்டும் வாங்காதா? குடுடி."

போனில் ஒரு பெண். செடி தளதளவென்று வளர்ந்திருக்கிறதாம், மருந்துக்குக்கூட ஒரு பூ இல்லையாம். அம்மா தலையணையில் நிமிர்ந்தாள். ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவே மூச்சைத் தேடிப் பிடித்து வந்து பேசினாள்.

"தினமும் ஊத்துறியா? நினைச்சேன். நிறுத்து. மண்ணு விரல் ஆழத்துக்குக் காயட்டும். இலை லேசா துவளும், பயப்படாத. அப்புறம் ஊத்து, வயிறு நிறைய... வெயில் படுதா? நாள் பூரா படணும். என்னது, பெரிய தொட்டிக்கு மாத்தினியா? அடிப்பாவி! வேர் நெருக்கியடிச்சுக்கிட்டு இருந்தாத்தான் அதுக்குப் பூ நினைப்பே வரும். உரத்தைக் கொட்டாத, எல்லாம் இலைக்குத்தான் போகும்..."

போனைத் திருப்பிக் கொடுத்தபோது உதடு நீலம் பாய்ந்திருந்தது. கண் மட்டும் பளிச்சென்று இருந்தது.

"செடியைக் காயப்போடுன்னு ஊருக்கெல்லாம் சொன்னேன். இப்ப என்னையே காயப்போட்டுட்டீங்க. நான் என்ன பூக்கவா போறேன்?"

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஈரத்துணியை எடுத்து அம்மாவின் உதட்டில் ஒற்றினாள். அம்மா துணியைப் பல்லால் கவ்வி உறிஞ்சினாள். மகள் இழுத்தாள். அம்மா விடவில்லை. ஆளுக்கொரு முனையைப் பிடித்தபடி இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"விடும்மா."

விட்டாள். "உன்னைப் பெத்ததுக்கு..." என்று தொடங்கி, முடிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்பா கட்டில் காலடியில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பிறகு அம்மா திரும்பாமலே சொன்னாள்:

"அந்த ஆரஞ்சுச் செடி இலை மஞ்சளடிக்குது பாரு. அடி ஓட்டை அடைச்சிருக்கும். தண்ணி தேங்கி நிக்குது. கம்பி விட்டு எடுத்துட்டு வா."

"அப்புறமா எடுக்கறேன்."

"வேர் அழுகினப்புறம் எடுத்து யாருக்கு?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். புரிந்துதான் எழுந்து போனாளா என்பதைப் பின்னால் அவளாலேயே சொல்ல முடியவில்லை.

தொட்டியைச் சாய்ப்பதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. ஓட்டைக்குள் கம்பியை விட்டுக் குடைந்தாள். மண்ணும் வேரும் சேர்ந்து தக்கையாக இறுகியிருந்தது. ஓங்கிக் குத்தியதும் கருத்த தண்ணீர் குபுக்கென்று அவள் பாதத்தில் கொட்டியது, அழுகல் வாடை. அம்மா பொய் சொல்லவில்லை. கொழகொழத்துப்போன வேர்களைக் கிள்ளி எறிந்தாள். வேலை அதோடு முடிந்துவிட்டது. ஆனாலும் காய்ந்த கிளை ஒன்றை ஒடித்தாள். இன்னொன்றையும் ஒடித்தாள். அதன் பிறகுதான் உள்ளே போனாள்.

அம்மாவின் தலையை அப்பா கை மடிப்பில் தாங்கியிருந்தார். நைட்டியின் முன்பக்கம் தெப்பலாக நனைந்திருந்தது. கட்டிலடியில் காலிச் சொம்பு உருண்டு கிடந்தது.

"எவ்வளவு குடுத்தீங்க?"

அப்பா அம்மாவின் வாயோரத்தைத் துடைத்தார்.

"அப்பா! எவ்வளவு?"

"அவ கேட்டா," என்றார் அவர். "இத்தனை வருஷத்துல அவ கேட்டு எதை நான் இல்லன்னேன்?"

"அவரை விடு," என்றாள் அம்மா. வெகு நாளாக அந்த முகத்தில் காணாத நிதானம் இருந்தது. "நான்தான் குடிச்சேன். ஜில்லுன்னு இருந்துச்சு. நீயும் போய் ஒரு வாய் குடி. முகமெல்லாம் வேர்த்துக் கிடக்கு."

மத்தியானத்துக்குமேல் மூச்சு மாறியது. மகள் ஆம்புலன்சுக்குச் சொன்னாள், முதுகுக்குத் தலையணைகளை அடுக்கினாள், ஜன்னலைத் திறந்தாள், விசிறினாள். தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஒவ்வொரு மூச்சும் களகளத்தது. அம்மாவின் கை அப்பாவின் சட்டையைக் கொத்தாகப் பற்றியிருந்தது. "இதோ இருக்கேன், இதோ இருக்கேன்" என்றார் அவர். வண்டி வாசலுக்கு வருமுன் அந்தப் பிடி தளர்ந்துவிட்டது.

பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்தார். "இந்த இதயம் இத்தனை நாள் ஓடினதே பெரிசும்மா" என்றார். அந்தச் சொம்புத் தண்ணீரைப் பற்றி அவரிடம் கேட்க மகளுக்கு ஒரு கேள்வி இருந்தது. அவர் பையை மூடி, செருப்பைப் போட்டு, கேட்டைச் சாத்திக்கொண்டு போகும்வரை அது அவளோடேயே இருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் அண்ணன் வந்து சேர்ந்தான். வெளியூரில் வேலை பார்ப்பவன், அங்கிருந்தே தினமும் போனில் பாட்டில் கணக்கு கேட்டவன். அம்மாவின் கால்மாட்டில் நின்று அழுதான். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நேத்து என்கிட்ட நல்லாத்தானே பேசினாங்க? எப்படித் திடீர்னு? தண்ணி அளவாத்தானே குடுத்தீங்க?"

அப்பா தலையை நிமிர்த்தினார். "தம்பி, நான்தான்..."

"அளவாத்தாண்ணா குடுத்தோம்," என்றாள் மகள். "பாட்டில் என் கையிலதானே இருந்துச்சு."

அண்ணன் மெல்லத் தலையாட்டினான். உறவுக்காரர்களுக்குச் சொல்லவேண்டும் என்று போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

அறையில் அவர்கள் இருவரும்தான். அப்பா அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவள் குனிந்து அம்மாவின் போர்வையைச் சரிசெய்தாள். உள்ளங்கையில் சுருக்கென்றது. கட்டைவிரல் அடியில் காகிதப்பூ முள் ஒன்று ஏறி, ஒடிந்து, சுற்றிலும் சிவந்து வீங்கியிருந்ததை இப்போதுதான் கவனித்தாள்.

அப்பாவும் கவனித்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். அலமாரியில் தேடி ஒரு ஊசியைக் கொண்டுவந்து, அவள் கையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினார்.

"அசையாத," என்றார்.

நடுங்கியது அவருடைய கைதான். அவள் தன் மறுகையை அவருடைய மணிக்கட்டுக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள்.