எம்.எல்.ஏ. சார்

“காப்பி இன்னும் வரல?”

முன்னறையிலிருந்து பூவராகவன் அதட்டியபோது, தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் அடுக்களையில் பால் பொங்கிவிடாமல் ஊதிக்கொண்டிருந்தாள்.

கண்ணம்மாள் இருபத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்தவள். செஞ்சியைச் சுற்றியுள்ள கிராமங்களில் அவள் கையால் ஊசி போட்டுக்கொள்ளாத இடுப்பு அபூர்வம். கட்சி தேடி வந்து சீட்டுக் கொடுத்ததும் அதனால்தான். வார்டுத் தேர்தலில் இரண்டு தடவை நின்று இரண்டு தடவையும் தோற்ற அவள் புருஷன், மனைவி ஜெயித்ததைத் தன்னுடைய மூன்றாவது முயற்சியாகவே எடுத்துக்கொண்டார். சுழல் நாற்காலி வாங்கினார். அதில் தானே உட்கார்ந்தார். ஊரும் அவரை ‘எம்.எல்.ஏ. சார்’ என்றது. அவளை ‘நர்ஸம்மா’ என்றே விட்டுவிட்டது.

காப்பித் தட்டோடு உள்ளே போனாள். சுவரோரம் ஐந்து பெண்கள் நின்றிருந்தார்கள். முன்னால் நின்ற மீனம்பாள் பேசிக்கொண்டிருந்தாள்.

“மூணாவது வாட்டி வர்றேன் சார். ஸ்கூல்ல பொம்பளப் புள்ளைங்க கக்கூசுக்குக் கதவு இல்ல, தண்ணி இல்ல. எம் பொண்ணு யுவஸ்ரீ இனிமே போவமாட்டேன்னு நிக்குது. அவ அப்பன், அப்ப டி.சி. வாங்கிடுன்றாரு.”

“பாத்ரூம் மேட்டர்லாம் எம்.எல்.ஏ. லெவலுக்கு வராதும்மா.” பூவராகவன் மனுவை மடித்து மேசைமேலிருந்த தன் தோல்பையில் செருகினார். “ஊர் முனையில வளைவு ஒண்ணு கேளு, என் பேரப் போட்டு நாளைக்கே கட்டிடலாம்.”

மூன்றாவது வாட்டியா? முதல் இரண்டும் கண்ணம்மாள் கண்ணில் படவே இல்லை. இப்போது சண்டை பிடித்தால் அவர் கத்துவார். அவர் கத்தினால் இவர்கள் கிளம்பிவிடுவார்கள். அந்தப் பெண்ணின் படிப்பும் கிளம்பிவிடும். ஊசிக்குப் பயந்தவர்களிடம் அவள் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. அந்தப் பக்கம் பாருங்க என்று சொல்லிவிட்டுக் குத்திவிடுவாள்.

“மீனம்பா, மனுவுல முழு வெவரம் இல்ல. அதான் சாருக்குப் புரியல” என்றாள், ரொம்பப் பணிவாக. ஒரு நோட்டையும் பேனாவையும் புருஷன் முன்னால் வைத்தாள். “நீங்க எழுதிக்குங்க. சட்டசபையில கேட்டா சொல்லணும்ல? மாசத்துக்கு எத்தினி நாளு புள்ள போறதில்ல?”

“அஞ்சு நாளு நர்ஸம்மா.”

“எங்கிட்ட சொல்லாத, சாரப் பாத்துச் சொல்லு. ஏன் போறதில்ல?”

நர்ஸம்மாவின் முகம், மீனம்பாள் தன் பிரசவ வலியில் பார்த்த அதே முகம்தான். அதில் இப்போது ஒளிந்திருந்த சிரிப்பை மீனம்பாள் கண்டுபிடித்துவிட்டாள். நேராகத் திரும்பினாள்.

“மாதவிலக்கு சார். அதிகமாப் போவுது சார். துணி மாத்த எடமில்ல. பாவாடையெல்லாம் கறையோட சாயந்திரம் வரிக்கும் ஒக்காந்துனு இருக்குது சார்.”

பேனா ‘மாத’ என்பதோடு நின்றது.

“எழுதுங்க. விலக்குக்குச் சின்ன ‘ல’தான்” என்றாள் கண்ணம்மாள்.

“எம் பொண்ணுக்கு ஏழு நாளு சார்” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “எத்தினி துணின்னும் எழுதணுமா சார்?” என்றது இன்னொன்று.

பூவராகவன் மின்விசிறியைப் பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது. இரண்டு பெண்களுக்கு அப்பா அவர். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை வாயால்கூடச் சொன்னதில்லை. மாதம் மூன்று நாள் மனைவிக்குத் தனித்தட்டு, தனிப்பாய் என்று சட்டம் போட்டதோடு சரி.

“அவலூர்பேட்டையில ஒரு கல்யாணம்... மறந்தே போச்சு!”

பையைக்கூட எடுக்காமல் ஓடினார். வாசலில் பைக் உறுமியது.

கண்ணம்மாள் பையைக் கவிழ்த்தாள். மூன்று மனுக்களும் விழுந்தன. சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, கல்வி அதிகாரிக்குப் போன் போட்டாள்.

“எம்.எல்.ஏ. பேசுறேன். ஸ்கூல் கக்கூசுக்கு வர்ற திங்கக்கிழமைக்குள்ள கதவு, தண்ணி ரெண்டும் வேணும். நானே வந்து பாப்பேன்.”

“சரிங்க மேடம்” என்று இழுத்தார் அதிகாரி. “சார் இல்லீங்களா? அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டா...”

மீனம்பாள் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணம்மாள் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“மூணு நாளைக்கு அவரு எதையும் தொடக்கூடாது. சார் வீட்டுக்குத் தூரம்.”