கார் இந்தப் பக்கம்

“கார எங்க பார்க் பண்ணோம்?” என்று வாஞ்சிநாதன் கேட்டபோது பர்வதம் குனிந்து, அவருடைய பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்பு முட்களின் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தாள். அவர்கள் நின்றது அலாஸ்காவில், ஒரு பனியாற்றின் விளிம்பில். அங்கே சாலையே கிடையாது. முந்தாநாள் ஒரு சின்ன விமானம் அவர்களையும் கூட வந்தவர்களையும் கூழாங்கல் திட்டில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. பர்வதம் திரும்பிப் பார்த்தாள். தமிழ் தெரிந்தவர்கள் யாருமில்லை.

“ப்ளேன்லதானே வந்தோம்,” என்றாள் மெதுவாக.

“ஆமாமா,” என்று சிரித்தார். எப்போதும் சிரிக்கிற அதே சிரிப்பு.

நியூ ஜெர்சியில் பாலங்களுக்குக் கணக்குப் போட்டே ரிடையர் ஆனவர் அவர். போன குளிர்காலத்தில் பிரிட்ஜ்வாட்டர் வீட்டிலிருந்து கோவிலுக்குக் கிளம்பி, பென்சில்வேனியாவில் ஏதோ ஒரு பெட்ரோல் பங்க்கிலிருந்து போன் செய்தார். ஹைவேயில் இறங்க வேண்டிய எக்ஸிட்டை விட்டுவிட்டேன் என்றார். அன்றிலிருந்து பர்வதம்தான் கார் ஓட்டினாள். கேட்டவர்களிடம் அவருக்குக் கண்ணில் புரை என்றாள். சான்டா கிளாராவில் இருக்கும் மகன் ஆதர்ஷிடமும் அதையேதான் சொன்னாள். நியூராலஜிஸ்டிடம் வாங்கிய அப்பாயின்ட்மென்டைத் தள்ளிப்போட்டாள். பனியாற்றின் மேல் நடந்து பார்க்க வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. டாக்டர் வாயால் அந்த வியாதியின் பெயரைக் கேட்டுவிட்டால், அப்புறம் எங்கே கூட்டிக்கொண்டு வருவது?

பனியின் மேல் ஏறியதும் அவர் நன்றாகத்தான் இருந்தார். வழிகாட்டிப் பெண் டெஸ்ஸாவிடம், பாரம் தாங்காமல் பனி எப்படி விரிசல் விடுகிறது என்று கைகளை வைத்து விளக்கினார். அவளும் ஆர்வமாகக் கேட்டாள். நாம்தான் வீணாகப் பயந்து சாகிறோமோ என்று பர்வதத்துக்குத் தோன்றியது. அந்தத் தைரியத்தில்தான், எல்லோரும் டீ குடிக்க உட்கார்ந்தபோது, அவரை விட்டுவிட்டு ஒரு பனிமேட்டின் மறைவுக்கு ஒதுங்கப் போனாள்.

திரும்பி வந்தபோது அவர் இடத்தில் தொப்பி மட்டும் கிடந்தது.

டெஸ்ஸா கத்திக்கொண்டே ஓடினாள். தூரத்தில் வாஞ்சிநாதன் நடந்துகொண்டிருந்தார், ஆபீஸ் முடிந்து வீட்டுக்குக் கிளம்பியவரைப் போல விறுவிறுவென்று. அவருக்கு முன்னால் உருகிய தண்ணீர் ஓடையாகச் சென்று ஒரு நீலக் குழிக்குள் விழுந்துகொண்டிருந்தது. ஸ்டாப், ஸ்டாப் என்ற குரல் அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

பர்வதம் இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக் கத்தினாள்.

“என்னங்க! கார் இந்தப் பக்கம்! இந்தப் பக்கம் இருக்கு!”

அவர் நின்றார். திரும்பி, தப்பான பக்கம் வந்துவிட்டவரின் லேசான வெட்கத்தோடு கையை உயர்த்தினார். அதற்குள் டெஸ்ஸா அவர் தோள்பையைப் பிடித்துவிட்டாள்.

“என்ன சொல்லிக் கூப்பிட்டீங்க?” என்று டெஸ்ஸா பிறகு தனியாக அழைத்து ஆங்கிலத்தில் கேட்டாள். பர்வதம் சொன்னாள். அதோடு நிறுத்த முடியவில்லை. யாரிடமும் சொல்லாததையெல்லாம், ஆதர்ஷைவிடச் சின்னவளான அந்தப் பெண்ணிடம், ஆங்கிலத்தில் திக்கித் திக்கிச் சொன்னாள். டெஸ்ஸா திட்டவில்லை. முன்பே தெரிந்திருந்தால் இங்கே அழைத்தே வந்திருக்க மாட்டேன் என்று மட்டும் சொன்னாள். பிறகு சாட்டிலைட் போனில் விமானத்தை நாளைக்கே வரச் சொன்னாள். பயணம் எல்லோருக்கும் முடிந்தது. மற்றவர்கள் மலையைப் பார்த்தார்கள், பூட்ஸைப் பார்த்தார்கள், பர்வதத்தைப் பார்க்கவில்லை.

கூடாரத்துக்குக் கிளம்பும்முன் டெஸ்ஸா ஒரு கயிற்றை எடுத்து அவர் இடுப்புக்கும் தன் இடுப்புக்குமாகக் கட்டப் போனாள். பர்வதம் கயிற்றுக்காகக் கையை நீட்டினாள். டெஸ்ஸா கொஞ்சம் யோசித்தாள். ஒரு முனையை அவர் இடுப்பிலும் நடுவில் பர்வதத்தையும் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு கடைசியில் நின்றாள்.

“எதுக்கு இதெல்லாம்?” என்றார் வாஞ்சிநாதன்.

“எனக்குப் பயமா இருக்குங்க.”

அவர் தன் முடிச்சை விரலால் தடவிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார். பிறகு அவள் முடிச்சையும் இழுத்துப் பார்த்தார். வெகுநேரம் தலை நிமிரவில்லை.

“பயமா இருந்தா முன்னாடியே சொல்லக் கூடாதா?” என்றார். “நான் முன்னால போறேன். நீ பாத்து வா.”

அவர் நடக்கத் தொடங்கினார். பனியின் மேல் தளர்ந்து கிடந்த கயிறு மெல்ல எழுந்து நேராகும்வரை பர்வதம் நின்றாள். காலடியில் எங்கோ ஆழத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.