சலூன்காரர் மேல் தினம் ஒரு வழக்கு

சாயங்காலம் ஏழு மணி ஆனால் அந்த வீட்டில் ஒரு வழக்கு நடந்தாக வேண்டும். ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற இடுக்குதான் கூண்டு. அதில் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பவர் சலூன்காரர். குறுக்கு விசாரணை செய்பவள் அவருடைய மனைவி. நீதிபதி அவருடைய அம்மா. முட்டிவலிக்காக உயரமாக ஒரு நாற்காலி வாங்கிப் போட்டதில் அந்தப் பதவி அவளுக்குத் தானாக வந்து சேர்ந்தது.

மனைவி பதினோரு வருடமாகச் சீருடை தைக்கும் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைத்து அலுத்துப்போனவள். கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். அதற்கு ஒரு தேர்வு உண்டு. குற்றம், விசாரணை, தண்டனை என்று நானூறு ஆங்கில வார்த்தைகள் தலைகீழாகத் தெரிந்திருக்க வேண்டும். நோட்டில் எழுதிப் படித்தால் மறுநாளே மறந்துபோகிறது, ஓர் ஆள் மேல் சாட்டினால் மறப்பதில்லை என்று அவள் கண்டுபிடித்தாள். ஆள் கைவசம் இருந்தார்.

துடைத்த தரையில் ஈரக்காலோடு நடந்தது டிரெஸ்பாஸ். அம்மாவின் பிஸ்கட்டை எடுத்தது தெஃப்ட். அம்மாவே கொடுத்தாள் என்று புளுகியது பெர்ஜுரி. ஒரே வாரத்தில் அவர் ஜென்மத்துக்கும் வெளியே வர முடியாத அளவுக்குக் குற்றம் சேர்ந்துவிட்டது.

எதைக் கேட்டாலும் அவர் "நாட் கில்ட்டி" என்றுதான் சொல்வார். அது தொழில் பழக்கம். வாடிக்கையாளர் காதில் கத்தி பட்டுவிட்டால் ஒப்புக்கொள்ளவே கூடாது. படிகாரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு அரசியல், மழை, பஸ் கட்டணம் என்று எதையாவது அள்ளிவிட வேண்டும். ரத்தம் நிற்கும்வரை பேச்சு நிற்கக் கூடாது. இருபது வருடம் இப்படியே ஓட்டியிருக்கிறார்.

ஆனால் உண்மையான குற்றம் ஒன்று இருந்தது, அது நோட்டில் ஏறவில்லை. ஒன்பது நாளைக்கு முன்னால் தபால்காரர் முடி வெட்டிக்கொள்ள வந்தபோது, வீட்டுக்கு வந்த கோர்ட் கடிதத்தைக் கடையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். சலூன்காரர் பிரித்துப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் ஓடாது. எண்கள் புரிந்தன. பதினாறாம் தேதி, காலை ஒன்பது மணி. கடிதத்தை மடித்துச் சவரத் துண்டுகளுக்கு அடியில் டிராயரில் வைத்தார்.

கெட்ட எண்ணம் எல்லாம் இல்லை. பயம், சுத்த அசட்டுப் பயம். பகல் முழுக்க வக்கீல்களோடும் நீதிபதிகளோடும் பேசிவிட்டு வருகிறவள், தாடி மழிக்கிற தன்னோடு என்ன பேசப்போகிறாள் என்று தோன்றியது. நாளைக்குக் கொடுக்கலாம், நாளைக்குக் கொடுக்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தார். "இன்னும் லெட்டர் வரலையேங்க" என்று அவள் கேட்கும்போதெல்லாம், "அரசாங்கக் காரியம், மெதுவாத்தான் வரும்" என்று பெரிய மனிதர் மாதிரிச் சொல்லிவைத்தார்.

பதினைந்தாம் தேதி வந்துவிட்டது. அன்றைய வழக்கு, படுக்கையில் போட்ட ஈரத் துண்டு. அவள் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கூண்டிலிருந்து அவரே வாயைத் திறந்தார்.

"ஒண்ணு கேக்கணும். சும்மா ஒரு பேச்சுக்கு. ஒருத்தருக்கு வந்த லெட்டரை இன்னொருத்தர் பத்திரமா எடுத்து வெச்சிருந்தா, அதுக்கு எத்தனை வருஷம் போடுவாங்க?"

"எத்தனை நாளா வெச்சிருக்காரு?"

"ஒரு ஒன்பது நாள்னு வெச்சுக்கோயேன்."

அவள் நோட்டிலிருந்து நிமிர்ந்தாள். அதைப் பார்த்ததும் அவருடைய வாய் தானாக ஓட ஆரம்பித்தது. இந்த வருஷம் மழை கம்மி என்றார். பஸ்காரர்கள் எங்கே நிறுத்துகிறார்கள் என்றார். தேர்தலில் யார் வந்தாலும் நமக்கு ஒன்றுதான் என்றார்.

அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஏண்டா, யார் காதை அறுத்துட்டு வந்து நிக்கிற?"

அவருக்குப் பேச்சு நின்றுபோனது.

"எங்க இருக்கு?" என்றாள் மனைவி.

"கடையில. டிராயர்ல."

"எடுத்துட்டு வாங்க."

செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய் எடுத்துவந்தார். அவள் ஒரு முறை படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

"நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு" என்றாள். "ஏங்க இப்படிப் பண்ணீங்க?"

"நீ அங்க போயிட்டா எங்கிட்ட பேச மாட்டியோன்னு..." சொல்லும்போதே கேவலமாக இருந்தது.

"நான் தீர்ப்பு சொல்லிரட்டுமா?" என்றாள் அம்மா. எட்டு வாரமாக நீதிபதியாக இருந்தவளுக்கு இப்போதுதான் உருப்படியாக ஒரு வழக்கு கிடைத்திருக்கிறது.

"வேண்டாம் அத்தை. படிச்சு முடிச்சாச்சு." அவள் நோட்டை மூடிவிட்டுத் துணி இஸ்திரி போடப் போனாள்.

தேர்வு எழுதினாள். தேறினாள். வேலையிலும் சேர்ந்தாள். சண்டை ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். சாப்பாடு எடுத்துவைத்தாள். குடை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். "கரண்ட் பில் கட்டியாச்சுங்க" என்றாள். ஏழு மணிக்கு நாளைய வழக்குக் காகிதங்களோடு அறைக்குள் உட்கார்ந்துவிட்டாள்.

சலூன்காரர் தாமாகவே குற்றம் செய்யத் தொடங்கினார். காலி பால் பாக்கெட்டைத் திரும்ப ஃப்ரிட்ஜுக்குள் வைத்தார். குளியலறை விளக்கை விடிய விடிய எரியவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜை மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கால் நகம் வெட்டினார். பழைய நாளாக இருந்தால் இதற்கு நாலு பிரிவில் வழக்குப் போட்டிருப்பாள். இப்போது அவள் ஒரு பழைய தாளைக் கொண்டுவந்து நகத்தையெல்லாம் கூட்டி எடுத்தாள். "பரவாயில்லங்க" என்றாள். காகிதங்களைப் பார்க்க உள்ளே போனாள்.

அவர் காலைக் கீழே இறக்கினார்.

"பாத்தியாம்மா" என்றார். "இதுக்குக்கூட ஒண்ணும் கேக்கல."

அம்மா முட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "அவளுக்குக் கூண்டுல நிக்க அங்க நிறையப் பேர் இருக்காங்கடா. உன்னை விடுதலை பண்ணிட்டா. போய்ப் படு."