டிரைவர் வாய் திறந்த கதை

அவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். ஸ்டியரிங் பிடித்த காலத்திலேயே ஓயாமல் பேசுகிறவர். அப்படிப்பட்ட மனிதர் கொஞ்ச நாளாக உம்மணாமூஞ்சியாகிவிட்டார். எது கேட்டாலும் தலையாட்டல்தான். சிரிப்பு வந்தால் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். படுக்கையையும் சோபாவுக்கு மாற்றிக்கொண்டார்.

தையல் வேலை பார்க்கும் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒரு காலையில் மிஷினை அப்படியே விட்டுவிட்டு அவர் எதிரே போய் நின்றாள்.

"என்மேல என்ன கோபம்? சொல்லித் தொலைங்க."

"கோபமா? உன்மேலயா?" அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னார். "வாய் நாறுது. பல்லு தேய்ச்சா ரத்தமா வருது. நீ மூஞ்சியச் சுளிச்சா என்னால தாங்க முடியாது."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "இதுக்குத்தானா? நான் என்னென்னமோ நெனச்சு புழுங்கிட்டு இருந்தேன். சட்டையப் போடுங்க, கிளம்பலாம்!"

பல் டாக்டரம்மா விளக்கைத் திருப்பி அவர் வாய்க்குள் பார்த்தார். ஈறுகள் சிவந்து வீங்கியிருந்தன. பல்லடியில் காரை கெட்டியாகப் படிந்திருந்தது.

"வயசானா பல்லு போகத்தானேம்மா செய்யும்?" என்றார் டிரைவர்.

"வயசு மேல பழி போடாதீங்கய்யா. இது ஈறு நோய். கீழ ஆடுற பல்லு ஒண்ண மட்டும் எடுத்தாகணும். மத்ததச் சுத்தம் பண்ணி ஒழுங்கா பாத்துக்கிட்டா காப்பாத்திடலாம்."

"காதுல விழுதா? நல்லா கேட்டுக்கோங்க," என்று மனைவி அதட்டினாள்.

டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். "நீங்களும் உக்காருங்கம்மா, பாத்துடுவோம்."

"எனக்கென்ன? நான் நல்லாத்தான் இருக்கேன்!"

உட்கார்ந்தாள். டாக்டரம்மாவின் கம்பி ஈறில் லேசாகப் பட்டதுமே ரத்தம் எட்டிப் பார்த்தது.

"உங்க ஈறு அய்யாவோடத விட மோசமா இருக்கே!"

டிரைவருக்கு எங்கிருந்துதான் அப்படியொரு சிரிப்பு வந்ததோ! துண்டை மறந்து, வாய் முழுக்கத் திறந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அதான் இவளுக்கு என் வாய் நாத்தம் தெரியவே இல்ல!"

"சும்மா இருங்க," என்று அதட்டப் போனவளும் சிரித்துவிட்டாள். நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

இருவரும் விடாமல் போய்ச் சிகிச்சை முடித்தார்கள். ரத்தம் நின்றது. சோபா காலியானது.

இப்போதெல்லாம் தினமும் காலையில் வாஷ்பேசின் முன்னால் ஒரே தள்ளுமுள்ளு.

"தள்ளுங்க, கண்ணாடிய மறைக்கிறீங்க."

"ஹாரன் அடிச்சிட்டு வா!"

வாய் நிறைய நுரையோடு அவள் முழங்கையால் ஒரு இடி கொடுத்து, இடத்தைப் பிடித்துக்கொள்கிறாள்.